வரி குறைந்த பிறகு வாங்கலாம்

கனமழை வருகிறது என்றால் எங்கள் பக்கத்து ஆட்களுக்குப் பயம் வராது, துண்டைத் தேடத்தான் தோன்றும். எங்கள் வீடு இலஞ்சியில் இருக்கிறது. மாடியில் ஏறினால் குற்றால மலை முகத்துக்கு நேரே நிற்கும். டிவியில் மழை என்று சொல்லி வாய் மூடுவதற்குள் வெளியூர்ச் சொந்தங்களிடமிருந்து போன் வந்துவிடும். "அருவில தண்ணி எப்படி விழுது? குளிக்க விடுதாங்களா?" இதுதான் விசாரிப்பு. புயல் என்பது கடற்கரை ஊர்க்காரர்களின் சங்கதி, நமக்கு வருவது வெறும் தண்ணீர் என்றுதான் நானும் இந்தத் தீபாவளிவரை நினைத்துக்கொண்டிருந்தேன்.

போன கோடையில் நெஞ்சில் சளி கட்டி, அது காய்ச்சலாகி, திருநெல்வேலி ஆஸ்பத்திரியில் கிடந்து எழுந்து வந்தேன். வரும்போது ஒரு மிஷினும் கூடவே வந்தது. காற்றிலிருந்து ஆக்சிஜனைப் பிரித்து, மெல்லிய குழாய் வழியாக மூக்குக்கு அனுப்புகிற மிஷின். கட்டில் பக்கத்தில் குட்டி பீரோ மாதிரி நிற்கும். கரண்ட் இருந்தால்தான் ஓடும். "கொஞ்ச நாளைக்கு வச்சுக்கோங்க, அப்புறம் பார்ப்போம்" என்றார் டாக்டர். அந்தக் கொஞ்ச நாள் எவ்வளவு என்று நானும் கேட்கவில்லை, பக்கத்தில் நின்ற என் வீட்டுக்காரரும் கேட்கவில்லை. மிஷினை மாத வாடகைக்கு எடுத்தார். கரண்ட் போனால் மாட்டிக்கொள்ள ஒரு சிலிண்டரை மூலையில் நிறுத்தினார். அளவாக வைத்தால் அது ஒரு பகல் தாங்கும்.

ஆனியும் ஆடியும் முழுக்கச் சாரல். ஜன்னலை ஒருச்சாய்த்துத் திறந்து வைத்துவிட்டுக் கிடப்பேன். மிஷின் ஒரே சுதியில் உறுமிக்கொண்டிருக்கும். அதைக் கேட்டுக்கொண்டே கண் சொக்கும். தூக்கமும் இல்லை, விழிப்பும் இல்லை. ஐந்தருவியில் பெண்கள் பக்கம் நிற்பேன். தலையில் தண்ணீர் மொத்தும். யாரோ ஒரு அம்மா ஈரச்சேலையோடு இடித்துத் தள்ளிக்கொண்டு உள்ளே வருவாள். நான் தண்ணீருக்குள் நின்றுகொண்டே நன்றாக மூச்சு விடுவேன், எந்தச் சிரமமும் இருக்காது. கண் திறந்தால் மலை இருந்த இடத்தில் மேகம் மட்டும் இருக்கும், மூக்கில் குழாய் இருக்கும். அப்படிக் கிடந்ததில் எனக்குச் சந்தோஷம்தான். உடம்பு சரியில்லாதவள் சந்தோஷமாக இருக்கக் கூடாதென்று யாரும் சட்டம் போடவில்லை.

ஆவணியில் டாக்டரிடம் போனபோது, "அடைமழைக் காலம் வருது. நல்ல இன்வெர்ட்டரா, பெரிய பேட்டரியா போட்டுக்கோங்க" என்றார். அதே நேரத்தில்தான் வரி குறையப் போகிறது என்று டிவியில் சொல்ல ஆரம்பித்தார்கள். எதற்குக் குறையும், எதற்குக் குறையாது என்று ஒருவருக்கும் தெரியவில்லை. ஆனால் ஊரே வாங்குவதை நிறுத்திவிட்டது. மிக்ஸி கெட்டுப்போன எதிர்வீட்டுக்காரி அம்மியைக் கழுவி எடுத்தாள். என் வீட்டுக்காரர் சுரண்டையில் உரக்கடை வைத்திருக்கிறார். யாவாரிக்கு வரி என்றால் காது தனியாக நீளும்.

"வரி குறையட்டும்ட்டி. நவராத்திரிக்கு வாங்கிருவோம். இப்ப வாங்குதவன் கோட்டிக்காரன்" என்றார்.

எனக்கும் அது சரியென்றே பட்டது. மழைக்கு இன்னும் நாள் இருந்தது.

நவராத்திரிக்கு வரி இறங்கியது. மனுஷன் கடைத்தெருவுக்குப் போய்க் குடை வாங்கினார், குடைக்குக் குறைந்திருக்கிறதாம். மெழுகுவர்த்தி கட்டுக் கட்டாக வாங்கினார், அதற்கும் குறைந்திருக்கிறதாம். மருந்து மாத்திரையை மொத்தமாக வாங்கி வைத்தார். டார்ச் லைட், பால்பவுடர், மோட்டார் ஓடாவிட்டால் தண்ணீர் பிடித்து வைக்க வாளி வாளியாகப் பிளாஸ்டிக். நாகப்பட்டினத்தில் குடியிருப்பவன்கூட இவ்வளவு வாங்கியிருக்க மாட்டான். பேட்டரி மட்டும் வரவில்லை. கேட்டால், "பேட்டரிக்குத்தான் இறங்கியிருக்கு, இன்வெர்ட்டர் பெட்டிக்கு அதே வரிதான். தீபாவளிக்கு ஆஃபர் போடுவாங்க, சேத்து வாங்குவோம்" என்றார். தீபாவளி நெருங்கியபோது, "தென்காசிக் கடைல சரக்கே இல்லையாம். ஊரே அள்ளிட்டுப் போயிருச்சு" என்றார். நான் நம்பினேன். இருபத்தெட்டு வருஷமாக இவர் பேச்சை நம்பிப் பழக்கம்.

தீபாவளி கழிந்து சில நாளில் கடலில் காற்றழுத்தம் உருவாகிவிட்டதாகச் சொன்னார்கள். காலையில் எங்கள் இரண்டு பேர் போனும் ஒரே நேரத்தில் அலறின, அரசாங்கத்தின் எச்சரிக்கைச் செய்தி. அது அடங்கியதும் மதுரையிலிருந்து என் நாத்தனார் கூப்பிட்டாள். "மதினி, இப்ப கிளம்பி வந்தா மெயினருவில குளிக்கலாமா?" பாறையையே காணவில்லை, போலீஸ் கயிறு கட்டிவிட்டது, வராதே என்றேன். அவளுக்கு ஏமாற்றம்தான்.

மழை கொட்டியது. தென்னந்தோப்பு முழுக்க ஒரே பக்கமாகச் சாய்ந்து நின்றது. காலை என்று சொல்ல முடியாத இருட்டு. இட்லியைத் தின்று முடிப்பதற்குள் கரண்ட் போய்விட்டது. மிஷின் நீளமாகக் கூவிவிட்டு அடங்கியது. அவர் ஓடிவந்து சிலிண்டரைத் திறந்து குழாயை மாற்றி மாட்டினார். கரண்ட் ஆபீசுக்குப் போன் போட்டார். மெயின் ரோட்டில் மரம் விழுந்து கம்பி அறுந்து கிடக்கிறதாம், எப்போது வரும் என்று சொல்ல முடியாதாம்.

மிஷின் சத்தம் இல்லாத அறையில் மழைச் சத்தம் மட்டும் பெரிதாக இருந்தது. சிலிண்டர் முள் மெள்ள மெள்ளக் கீழே இறங்கியது. மறுபடியும் கண் சொக்கியது. இந்த முறை ஐந்தருவி வரவில்லை. எங்கள் வீட்டுக்குள்ளேயே நான் நடந்து போகிறேன், தரை முழுக்கத் தெளிந்த தண்ணீர், அதில் இவர் வாங்கிய குடைகள் விரிந்தபடி மிதந்து போகின்றன. பயமாக இல்லை, அழகாக இருந்தது. மத்தியானம் விழித்தபோது முள் பாதிக்குக் கீழே போயிருந்தது. அப்போதுதான் பயம் வந்தது. மழையைப் பார்த்து நான் பயந்தது அன்றுதான் முதல் தடவை. எனக்கு அது அவமானமாகக்கூட இருந்தது.

அவர் அடுத்த தெருவில் யாரிடமாவது ஜெனரேட்டர் கிடைக்குமா என்று பார்க்கக் குடையோடு வெளியே போயிருந்தார். என்னால் சும்மா கிடக்க முடியவில்லை. தென்காசி பேட்டரிக் கடைக்கு நானே போன் போட்டேன். கடைக்காரர் எங்கள் இருவருக்கும் பழக்கம்.

"அண்ணாச்சி, சரக்கு எப்ப வரும்? எங்களுக்கு ஒண்ணு எடுத்து வையுங்க" என்றேன்.

"மதினி, வரி குறைஞ்ச அன்னைக்கே உங்களுக்குன்னு ஒண்ணு எடுத்து வச்சிருந்தேனே. உங்க வீட்டு அண்ணாச்சிதான் வேற ஆளுக்குக் குடுத்திருங்கன்னாரு. ரெண்டு தடவ அப்படித்தான் சொன்னாரு. இப்பவும் கடைல சரக்கு கெடக்கு, ரோடு சரியானா உடனே அனுப்புதேன்."

எனக்கு வந்த கோபத்துக்கு அந்தச் சிலிண்டரே காலியாகியிருக்கும். நனைந்த கோழியாக வெறுங்கையோடு உள்ளே வந்தவரிடம் ஜெனரேட்டர் என்ன ஆயிற்று என்றுகூடக் கேட்கவில்லை.

"கடைல பேட்டரி கெடக்காமே. எதுக்கு எங்கிட்டப் பொய் சொன்னீங்க? நான் மூச்சு முட்டிச் செத்தா அதுக்கும் வரி குறையட்டும்னு இருப்பீங்களா?"

அவர் ஈரத்துண்டைப் பிழிந்தார். பிழிந்து முடித்த துண்டையே மறுபடி மறுபடி பிழிந்தார். அப்புறம் கட்டில் ஓரத்தில், என் கால்மாட்டில் உட்கார்ந்தார்.

"மிஷின் வாடகைக்குத்தான இருக்கு" என்றார். "என்னைக்கு வேணும்னாலும் திருப்பிக் குடுத்திரலாம். பேட்டரிய வாங்கிச் சுவத்துல மாட்டிட்டோம்னா..."

"மாட்டிட்டோம்னா?"

"நீ இனி இப்படியேதான் இருப்பேன்னு ஆயிருமேட்டி. அடுத்த மாசம் சரியாயிருவே, அடுத்த மாசம் சரியாயிருவேன்னு பாத்துக்கிட்டே இருந்தேன். வரி குறையட்டும்னு ஒரு சாக்கு கெடைச்சுது. அது முடிஞ்சதும் தீபாவளி. அப்புறம் சொல்லுததுக்குச் சாக்கு இல்ல."

என் கோபம் எங்கே போனதென்று தெரியவில்லை. இந்த மனுஷன் மாசாமாசம் வாடகை கட்டிக்கொண்டு, நான் குழாயைக் கழற்றி வைத்துவிட்டு எழுந்து நடக்கிற நாளுக்காகக் காத்திருந்திருக்கிறார். எனக்கோ அது வராது என்று எப்போதோ தெரிந்துவிட்டது. அவரிடம் சொன்னால் முகம் வாடுமே என்று நானும் சொல்லாமல் இருந்துவிட்டேன். அழுகை வந்தது. குழாயோடு அழுவது ரொம்பக் கஷ்டம். மூக்கு அடைத்துக்கொள்ளும். ஆகவே அடக்கிக்கொண்டேன்.

"இப்படியேதான் இருப்பேன்" என்றேன். "டாக்டரு சொல்லலன்னாலும் எனக்குத் தெரியும். இருப்பேன்ல? அது போதாதா உங்களுக்கு?"

அவர் என் பாதத்தைப் பிடித்துக்கொண்டார். கை ஜில்லென்று இருந்தது. வெளியே மழை கொஞ்சம் குறைந்து, தோப்புக்கு அப்பால் மலையின் அடிவாரம் மட்டும் தெரிந்தது. நாங்கள் இருவரும் அதைப் பார்த்துக்கொண்டிருந்தோம். எவ்வளவு நேரம் என்று தெரியாது.

சாயங்காலம், முள் சிவப்புக் கோட்டைத் தொடப் போகும் நேரத்தில், கரண்ட் வந்தது. மிஷின் உறுமத் தொடங்கியது. அவர் குழாயை மாற்றி மாட்டிவிட்டு, என் முகத்தையே கொஞ்ச நேரம் பார்த்தார். பிறகு போனை எடுத்து, நான் கேட்கும்படியே பேசினார்.

"அண்ணாச்சி, நாளைக்கு ஆள அனுப்புங்க. இருக்கதுலயே பெரிசா ஒண்ணு வேணும். ரொம்ப வருசம் உழைக்கணும், பாத்துக் குடுங்க."