சுவருக்காக இருமியது

போன கிழமை ஒரு மின்னஞ்சல் வந்தது. நான் எடுத்த நெட்வொர்க் சான்றிதழுக்கான பரீட்சையை இனி நடத்தப்போவதில்லையாம். பதிலுக்குப் புதிதாக ஒன்று வருகிறதாம். வாசித்து முடித்ததும் எனக்குத் தொண்டை அரித்தது. சிரிக்காதீர்கள். அந்தப் பரீட்சையை நினைத்தாலே எனக்கு முதலில் வருவது இருமல்தான்.

நான் ஓ.எல். எழுதாமலே பள்ளிக்கூடத்தை விட்டவன். கொட்டாஞ்சேனையில் கொம்பியூட்டர் திருத்தும் கடையொன்றில் சேர்ந்து, பெட்டிகளுக்குள் வரும் ஆங்கிலப் புத்தகங்களை வாய்விட்டு வாசித்துத்தான் தொழிலைப் பழகினேன். ஈயம் உருகும் புகை மணம் எங்காவது வந்தால் இன்றைக்கும் என் உதடு தானாக அசையும். கண்ணால் மட்டும் வாசித்தால் எனக்கு ஒன்றும் ஏறாது, காதுக்கும் கேட்க வேண்டும். "பூசை துவங்கிட்டுது" என்பார் முதலாளி.

கலியாணம் முடித்து வெள்ளவத்தைத் தொடர்மாடிக்கு வந்தபோது பூசையும் கூடவே வந்தது. எங்கள் முன்னறைச் சுவருக்கு அந்தப் பக்கம் ஒரு அன்ரி. பிள்ளைகள் எல்லாம் கனடாவில், அவர் தனியே. வந்த புதிதில் என் மனைவி வாசுகியிடம் கேட்டாராம்: "பிள்ளை, உம்மட அவர் பின்னேரத்தில என்ன மந்திரம் சொல்லுறவர்?" பிறகு அவருக்கு அந்தச் சத்தம் பழகிவிட்டது. நான் நடுவில் நிறுத்தினால் சுவரில் இரண்டு தட்டு விழும்.

"தம்பி, இருக்கிறீரோ?"

"ஓம் அன்ரி."

அவ்வளவுதான் கதை. நான் திரும்ப வாசிப்பேன்.

அந்த நாட்களில்தான், கடையை விட்டு நான் சேர்ந்திருந்த நெட்வொர்க் கொம்பனிக்குப் புது மனேஜர் வந்தார். சான்றிதழ் இல்லாதவர்கள் இனி ரவுட்டரில் கைவைக்கக் கூடாது, கேபிள் இழுக்கப் போகலாம் என்றார். "மல்லி, பேப்பர் எக்க நெத்துவ பே" என்று சிங்களத்தில் சொல்லி, என் தோளில் அன்பாகத் தட்டவும் செய்தார். அந்தக் காகிதம் இல்லாமல் சரிவராதாம், தம்பி. கேபிளோடு ஏணியில் ஏறி இறங்கி இடுப்பு விட்டுப்போன பிறகுதான் நான் ரவுட்டர் மேசைக்கே வந்திருந்தேன். வாசுகி வேறு பிள்ளைத்தாச்சி. திரும்ப ஏணிக்குப் போனால் எத்தனை நாள் தாங்குவேன் என்பதுதான் என் ஒரே யோசனை.

பரீட்சையை வீட்டிலிருந்தே எழுதலாம், கமராவுக்கு முன்னால். ஏதோ ஒரு நாட்டில் இருந்துகொண்டு ஒருவர் நம்மைப் பார்ப்பார். வாய்விட்டு வாசிக்கக் கூடாது, உதடுகூட அசையக் கூடாது என்று விதிகளில் இருந்தது. அந்த விதியையும் நான் வாய்விட்டுத்தான் வாசித்தேன்.

வாசுகிதான் வழி கண்டுபிடித்தாள். வாய் நிறையத் தண்ணீரை வைத்துக்கொண்டு மாதிரிக் கேள்விகளைச் செய்யச் சொன்னாள். வெட்கத்தில் குசினிக் கதவைச் சாத்திவிட்டுச் செய்தேன். கஷ்டமான கேள்வி வந்தால் தண்ணீர் சட்டையில். "குழந்தைக்கு முதல் உங்களுக்குத்தான் மார்த்துண்டு தைக்கவேணும்" என்றாள்.

நான் எதற்கும் பயப்படுகிறவன். கரண்ட் போனால்? காகம் ஜன்னலில் வந்து கத்தினால்? பாண் விற்கிற ஓட்டோ பாட்டுப் போட்டுக்கொண்டு வந்தால்? எல்லாவற்றையும் யோசித்தேன். வாசுகி அன்ரியிடம் போய், இன்றைக்கு அவருக்குச் சோதினை, கூப்பிடாதேங்கோ என்று சொல்லிவிட்டு, வீட்டில் வேறு ஆள் இருக்கக் கூடாதென்பதால் கல்கிசைக்குத் தமக்கை வீட்டுக்குப் போய்விட்டாள். சுவரைப் பற்றி மட்டும் நான் யோசிக்கவில்லை.

திரையின் மூலையில் மணிக்கூடு பின்னோக்கி ஓடத் தொடங்கியது. பல்லைக் கடித்துக்கொண்டு கேள்விகளைச் செய்தேன். வீடு அப்படி ஒரு அமைதி. அப்போதுதான் சுவரில் இரண்டு தட்டு விழுந்தது. "தம்பி?"

லப்டொப்புக்குள்ளிருந்து ஒரு குரல், யார் அது என்று ஆங்கிலத்தில் கேட்டது.

"அன்ரி. அதர் சைட் வோல். நோ ஹெல்ப், சேர்."

அந்த மனிதர் என்ன விளங்கிக்கொண்டாரோ தெரியாது. லப்டொப்பைத் தூக்கி அறை முழுவதையும் காட்டச் சொன்னார். சுவரையும் அதில் தொங்கிய பிள்ளையார் கலண்டரையும் காட்டினேன். மணிக்கூடு நிற்கவில்லை. இனி ஒருமுறை அந்தச் சத்தம் வந்தால் பரீட்சை முடிந்தது என்றார்.

இப்போது என் நிலையை யோசித்துப் பாருங்கள். நான் பேசாமல் இருந்தால் அன்ரி தட்டுவார். தட்டாமலிருக்க நான் முணுமுணுத்தால் அந்த மனிதர் நிறுத்துவார். எழும்பிப் போய்ச் சொல்லவும் வழியில்லை. தொண்டை அடைத்துக்கொண்டு வந்தது. இருமினேன்.

சுவர் பேசாமல் இருந்தது. அந்த மனிதரும் பேசவில்லை. இருமலுக்கு விதி இல்லை.

அதன்பிறகு கேள்விக்குக் கேள்வி இருமினேன். விடை தெரிந்தாலும் இருமல், தெரியாவிட்டாலும் இருமல். கடைசிக் கேள்விக்கு உண்மையாகவே இருமினேன். பாஸ் என்று திரையில் வந்தபோது சந்தோஷப்படக்கூட நெஞ்சில் காற்றில்லை.

கதவைத் திறந்தால் அன்ரி கொத்தமல்லித் தண்ணியோடு நிற்கிறார். "சோதினை எண்டா இன்னும் பலமா வாசிப்பீர் எண்டு நினைச்சன். ஒரு சத்தத்தையும் காணேல்ல, விழுந்துகிழுந்து போனீரோ எண்டு பயந்திட்டன். உந்த இருமலோட எப்பிடியப்பு எழுதினீர்?"

"பாஸ் அன்ரி."

"அது சரி, இருமல் பாஸாகாது. குடியும்."

மேசை தப்பியது. ஆனால் அன்று பூட்டிய வாய் வாசிப்புக்குத் திறக்கவே இல்லை. கண்ணாலேயே வாசிக்கிறேன், பாதிதான் ஏறுகிறது. மீதி யாருக்கும் தெரியாமல் போகிறது. கொஞ்சநாள் அன்ரி தட்டிப் பார்த்தார், "இப்ப படிக்கிறேல்லையோ?" என்று. பிறகு மகள் வந்து அவரைக் கனடாவுக்குக் கூட்டிக்கொண்டு போனாள். அந்த அறையில் இப்போது ஏதோ ஒரு கடையின் பெட்டிகளை அடுக்கி வைத்திருக்கிறார்கள்.

மனேஜர் இனிப் புதுச் சான்றிதழைக் கேட்பார். நேற்றுப் பின்னேரம் முன்னறையில் இருந்து அந்த மின்னஞ்சலை வாய்விட்டு வாசித்துப் பார்த்தேன். வேறு யாரோ வாசிப்பது போல இருந்தது. நடுவில் நிறுத்தினேன். தட்டு விழுமோ என்று சுவரைப் பார்த்தேன். பிறகு, அந்தப் பக்கம் பெட்டிகள்தான் என்று தெரிந்துகொண்டே, ஒருதரம் இருமினேன்.