பன்னிரண்டாவது இழை

சானமாவு பக்கம் அறுந்த கேபிளில் பதினொரு கண்ணாடி இழைகளை ஒட்டிவிட்டேன். பன்னிரண்டாவதில் ஒளி போகும் பகுதி சரியாக நடுவில் இல்லை. எங்கள் மெஷின் வெளி விளிம்பைப் பார்த்துத்தான் சேர்க்கும். அதனால் இழையைக் கையால் கொஞ்சம் திருப்பித் திருப்பி ஒட்டிப் பார்க்க வேண்டும். ஒவ்வொரு தடவையும் இரண்டு விரற்கடை இழை வெட்டில் போய்விடும். இன்னும் இரண்டு தடவைக்குத்தான் மிச்சம். அதுவும் தீர்ந்தால் கேபிளையே இன்னும் உள்ளே வெட்டி, பதினொன்றையும் பிரித்து மறுபடி ஒட்ட வேண்டும்.

கேபிளின் மறுமுனையில், மத்திகிரியில், வந்துசேரும் ஒளியை மீட்டரில் பார்க்கும் பெண் போனில் கேட்டாள்: "வெட்டிக்கிட்டே போறீங்களே, வெங்காயமாங்க அது?"

கால் சுற்று திருப்பி ஒட்டினேன்.

"வந்துருச்சுங்க, அளவு சரியா இருக்கு! கை வெக்காதீங்க!"

டப்பாவைப் பார்த்தேன். பன்னிரண்டு ஸ்லீவ் கொண்டுவந்திருந்தேன்; ஒன்று மிச்சம் கிடந்தது. ஒட்டிய இடத்தை மூடிக் காக்கும் அந்தச் சிறு குழாயை, ஒட்டுவதற்கு முன்பே இழையில் கோத்திருக்க வேண்டும். அது இல்லாமல் ஒட்டு ஒரு நாள்கூடத் தாங்காது.

"வெட்டித்தாம்மா ஆகணும். ஸ்லீவ் போடல."

"ஐயோ, நீங்களாங்க மறந்தீங்க?"

திருப்பம் மாறாமலிருக்க இரண்டு பக்கமும் பேனாவால் புள்ளி வைத்து, வெட்டி, ஸ்லீவைக் கோத்து, கடைசித் தடவையாக ஒட்டினேன். அவள் அதே அளவைச் சொன்னாள். சந்தோஷப்படத் தெம்பில்லாமல் கேபிளுக்காகத் தோண்டிய குழியோரமே உட்கார்ந்துவிட்டேன்.