அண்ணன் வைத்த ட்ரினிடாட் கடலைக் குழம்பு

எங்கள் அண்ணன் பர்மாவில், மிங்கலா தாங்ஞுன்ட் என்ற பகுதியில், ரயில் பாதையோரத்து வீடொன்றில் பிறந்தார். ரயில்வே தொழிலாளியாக இருந்த அப்பா இளவயதிலேயே காலமானார். அதனால் அண்ணன் படிப்பை நிறுத்திவிட்டுக் கப்பலில் இயந்திர அறை வேலைக்குச் சேர்ந்தார். தங்கைகளான எங்கள் இருவரையும் படிக்க வைத்து மணம் முடித்துக் கொடுத்தார். அதைப் பற்றி அவர் பேசியதே இல்லை. விடுமுறையில் வந்தால் பேசுவதெல்லாம் கடலைக் குழம்பைப் பற்றித்தான்.

அவருடைய கப்பலில் சமையற்காரராக இருந்தவர் ட்ரினிடாட் தீவுக்காரர். முன்னோர் சென்னையிலிருந்து கரும்புத் தோட்டத்துக்குப் போனவர்களாம். மசாலாவை எண்ணெயில் கருக வதக்கி, கொண்டைக்கடலையையும் பரங்கிக்காயையும் தேங்காய்ப்பாலில் வேகவைத்து, முழு மிளகாய் ஒன்றை உடையாமல் மிதக்க விடுவாராம். வாசனைக்கு அவர் போட்ட இலை நம் கற்பூரவல்லி. “நம்ம வீட்டு இருமல் மருந்து, அங்க குழம்புல கிடக்குது” என்று அண்ணன் சொல்லிச் சொல்லிச் சிரிப்பார். ஆனால் வீட்டில் அவர் அடுப்பைத் தொட்டதில்லை.

அண்ணி பர்மியப் பெண். திருமணத்துக்கு அவருடைய தாயார் வரவில்லை. அண்ணி முதல் குழந்தையைச் சுமந்தபோது, கஞ்சிகூட வயிற்றில் தங்காமல் மிகவும் இளைத்துவிட்டார். செய்தி கேட்டு மாவ்பியிலிருந்து தாயார் பஸ்ஸில் வந்து இறங்கினார். உட்காரக்கூட இல்லை.

“மகள கூட்டிட்டுப் போறேன்” என்றார் பர்மியத்தில்.

“சரி அமே. சாப்பிட்டுட்டுப் போங்க” என்று, அம்மா என அந்த மொழியிலேயே அழைத்துச் சொல்லிவிட்டு, அண்ணன் நேராகச் சமையலறைக்கு வந்தார்.

“தங்கச்சி, அந்தக் கடல ஊறியிருக்கா?”

“அது பூசைக்குச் சுண்டல் போட வச்சது அண்ணே.”

“சாமி ஒண்ணும் சொல்லாது. தேங்காயத் துருவு.”

மசாலா கருகிய புகையில் வீடே இருமியது. உடையக்கூடாத மிளகாயும் உடைந்து போனது. அண்ணியை அழைத்துப் போய்விட்டால் அண்ணன் தாங்கமாட்டார். சோற்றில் குழம்பை ஊற்றி அண்ணி முன் வைத்தார். அண்ணி ஒரு வாய் உண்டார். சற்றுப் பொறுத்து இன்னொரு வாய். தட்டைக் காலி செய்துவிட்டு, “இன்னும் இருக்கா?” என்று கேட்டார். உண்டது வயிற்றில் தங்கியது.

தாயார் மகளையே பார்த்துக்கொண்டிருந்தார். பிறகு தாமும் உட்கார்ந்து உண்டார். கண்ணில் நீர் வழிய, “ஒரே உறைப்பு” என்றார். அப்புறம் தட்டை நீட்டினார். அண்ணன் சமையலறைத் தரையில் அமர்ந்து, சட்டியின் அடியில் பிடித்ததைச் சுரண்டித் தின்றார். அவ்வளவு மகிழ்ச்சியாக அவரை நான் கண்டதில்லை.

பிள்ளை பிறக்கும்வரை இருக்கிறேன் என்ற தாயார், அதன்பிறகும் போகவில்லை.

சென்ற ஆண்டு, சில வார நோயில் அண்ணன் எங்களைப் பிரிந்தார். மருத்துவமனைக்குச் சுமந்து சென்ற தெருப் பிள்ளைகளுக்கும், இரத்தம் தந்த நண்பர்களுக்கும், இறுதிக் கடன்களில் உடனிருந்த கோயில் அன்பர்களுக்கும் எங்கள் குடும்பம் என்றும் நன்றியுடையது. கடைசி நாள்வரை அண்ணனைப் பர்மியத்தில் ‘தா’, அதாவது மகனே, என்று அழைத்து, கரண்டியால் ஊட்டிய அந்தத் தாயாருக்குச் சொல்ல எங்களிடம் சொற்கள் இல்லை. இன்று, அண்ணனின் முதலாண்டு நினைவுநாள் பந்தியில் குழம்பு பரிமாறுபவர் அவரே. போதும் என்று இலையைக் கையால் மறைத்தால் கோபித்துக்கொள்வார்.