வெள்ளையாக விட்ட இடம்

1. எம்.எஸ்ஸி. நிலவியல் கடைசி வருடம், கோதாவரிப் பக்கம் களப்பணிக்குப் போன இடத்தில் ஒரு சுண்ணாம்புக்கல் பலகையை உளி வைத்துப் பிளந்தேன்.
2. உள்ளே கல்லில் புதைந்த ஒரு பழங்காலப் பூச்சியின் இறக்கை, சுண்டுவிரல் நகம் அளவு. ஒரு பாதியில் மேடாகவும் மறுபாதியில் பள்ளமாகவும் பதிந்திருந்தது.
3. மேடான பாதி துறையின் அலமாரிக்குப் போனது. பள்ளமான பாதியை வரைந்துகொண்டிருந்தேன்.
4. வரைந்து முடிப்பதற்குள் ஓசூரில் வேலை கிடைத்தது. பேராசிரியரிடம் கேட்டு, அந்தப் பாதிக் கல்லை உடன் எடுத்து வந்தேன்.

வேலை, பியரிங் வளையங்களில் கீறல் இருக்கிறதா என்று நுண்ணோக்கியில் பார்ப்பது. மதியச் சாப்பாட்டு நேரத்தில் அதே நுண்ணோக்கியின் கீழ் கல்லை வைப்பேன். நரம்பு நரம்பாக வரைந்து வந்ததில் ஓர் இடம் மட்டும் நின்றுவிட்டது. அங்கே என் பாதியில் ஒரு சில்லு பெயர்ந்திருக்கிறது. அந்த நரம்பு கிளைக்கிறதா, நேராக ஓடுகிறதா என்பது தெரிந்தால்தான் பூச்சி எந்தக் குடும்பம் என்று சொல்ல முடியும். அலமாரியில் உள்ள பாதியில் அந்த இடம் முழுசாக இருக்கிறது.

இந்தப் பக்கத்துப் பாறையில் தேடவும் வழியில்லை. கிருஷ்ணகிரியிலிருந்து லாரி லாரியாகப் போவதெல்லாம் கருங்கல். பூமிக்கடியில் வெந்து இறுகிய கல்லில் இறக்கை தங்காது.

ஒரு மழை நாளில் பாகலூர் சாலை அறைக்குத் திரும்பியபோது ட்யூப்லைட்டுக்குக் கீழே தரை முழுக்க ஈசல் இறக்கைகள். அறையில் உடன் இருந்த தர்மபுரிப் பெண் விளக்குமாறும் கையுமாக நின்றாள்.

"ஏக்கா, அந்த ஒத்த ரெக்கைய எத்தன வருசமா வரையற? இங்க முறம் முறமாக் கெடக்குது. ஒண்ண எடுத்து ஒட்டிட்டு வேலையப் பாரு."

ஒன்றை எடுத்து வெளிச்சத்தில் பிடித்தேன். ஒரு நரம்பு விடாமல் எல்லாம் தெரிந்தது. அதைப் பார்த்த பிறகு அறையில் இருக்க முடியவில்லை. மொட்டை மாடிக்குப் போய், களப்பணியில் என்னோடு கல் சுமந்த தோழியை செல்போனில் கூப்பிட்டு, வரைபடம் அந்த ஒரு நரம்பில் நிற்பதைச் சொன்னேன். அவள் அதே துறையில் ஆராய்ச்சி மாணவி.

"இதுக்கா இவ்ளோ நாளு? நாளைக்கே லென்ஸ் வச்சுப் பாத்துச் சொல்றேன்டி. ஒரு வார்த்தைதானே."

"வேணாம். நீ பாக்காத."

"பாக்காதேன்னா? தெனம் அந்த அலமாரியத் தாண்டித்தான் போறேன்."

"தாண்டிப் போ. நான் வந்து பாத்துக்கறேன்."

"போன தீபாவளிக்கும் இதையேதான் சொன்ன."

அவள் சொல்லிவிட்டால் கோடு போட்டு முடித்துவிடலாம். முடித்துவிட்டால் அந்த அலமாரி முன்னால் போய் நிற்க எனக்கு என்ன காரணம் இருக்கிறது? அதை அவளிடம் சொல்லவில்லை. கடைசியில் அவளே, "சரி, பாக்கல. வா" என்றாள்.

ஆடிட் முடியட்டும், லீவு தருகிறேன் என்கிறார் மேலாளர். ஓர் ஆடிட் முடிந்து அடுத்தது வந்திருக்கிறது. கல் என் மேசை டிராயரில் பஞ்சுக்குள் இருக்கிறது. வரைபடத்தில் அந்த இடம் இன்னும் வெள்ளையாக இருக்கிறது. அவள் இதுவரை பார்க்கவில்லை.