பழப்புளி போட்ட ரிவோல்வர்

சிவகலா முதலில் மணந்துதான் பார்ப்பார். பழைய ரிவோல்வரின் குழல் வாயில் மூக்கை வைத்து ஓர் இழுப்பு. பிறகு மெல்லிய மரக்குச்சி ஒன்றை உருளையின் ஒவ்வொரு அறைக்குள்ளும் விட்டு ஆழம் பார்ப்பார். மற்ற அறைகளில் ஒரே அளவுக்கு இறங்கிய குச்சி ஓர் அறையில் மட்டும் சற்று முன்பே நின்றால், நூற்றைம்பது வருடங்களுக்கு முன் எவனோ இட்ட கருமருந்தும் ஈயக் குண்டும் இன்னும் உள்ளே இருக்கின்றன என்று பொருள். உடனே துவக்கின் வாயைச் சுவர்ப் பக்கம் திருப்பி வைத்துவிடுவார். "இவருக்கு இன்னும் கோவம் ஆறேல்லை" என்று சொல்லிவிட்டுத் தேநீர் போடப் போவார்.

கைக்கடிகாரத்துக்குப் பேர்போன மலைநகரான லா ஷோ-து-ஃபோனில் பழைய ஆயுதங்களை ஏலம் விடும் வீடொன்றின் இரண்டாம் மாடியில் அவருக்கு வேலை. வயது ஐம்பத்தாறு. பச்சைக் கம்பளித் துணி விரித்த மேசை, கழுத்தை வளைக்கக்கூடிய விளக்கு, மணிக்கூட்டுக்காரர் கண்ணில் பொருத்தும் பூதக்கண்ணாடி. மருந்து தனியாக, குண்டு தனியாக, பின்னால் ஒரு செப்புத் தொப்பி தனியாகப் போட்டுச் சுட வேண்டியிருந்த அந்தக் காலத்து ரிவோல்வர்கள் மேசைக்கு வரும். இது இன்னது, இந்த வயது, இவ்வளவு பெறும் என்று சொல்லி அனுப்புவார். துவக்குச் சத்தத்துக்குப் பயந்து ஊரை விட்டு ஓடி வந்தவருக்குத் துவக்கே சோறு போடுகிறது. இந்த வேடிக்கையை யாராவது எடுத்துச் சொன்னால் சிவகலா சிரிக்க மாட்டார். "சுடுறதெண்டால் தொட்டிருப்பனே?" என்பார்.

கைக்கடிகாரத் தொழிற்சாலையில் மூடிகளில் கீறல் பார்க்கிற வேலையில் இருந்தவர். அந்தக் கண்ணைப் பார்த்துத்தான் ஏலவீட்டு முதலாளி மெசியே ஓபேர் அவரைக் கூப்பிட்டு, பக்கத்தில் இருத்தி, தொழிலைக் கற்றுக்கொடுத்தார். கற்றதெல்லாம் அவரிடம். ஆனால் விசாரிக்கிற முறை மட்டும் சுத்தமான யாழ்ப்பாணம். சம்பந்தம் பேச வந்தவர்கள் மாப்பிள்ளையின் ஊர், பேரன் பூட்டன், தாய்வழி, தகப்பன்வழி எல்லாவற்றையும் துருவுவதுபோல் அவர் துவக்கைத் துருவுவார். உடல், குழல், உருளை, விசைக் காப்பு, குழலைப் பிடித்திருக்கும் சின்ன ஆப்பு என்று ஒவ்வொரு துண்டிலும் ஓர் இலக்கம் இருக்கும். எல்லாம் ஒன்றாக இருந்தால், "ஒரு வீட்டு ஆக்கள்." மாறியிருந்தால், "தலை ஒரு ஊர், கால் ஒரு ஊர். ஆரோ பிறகு சேர்த்து வைச்சிருக்கினம்." அமெரிக்கப் பெயர் வெட்டிய உருப்படியின் உருளையில் பெல்ஜியச் சோதனை முத்திரை தெரிந்தால் குரல் இன்னும் கொஞ்சம் இறங்கும். "பேர் பெரிய இடத்துப் பேர்தான். பிறந்தது வேறை வீட்டிலை."

சலுகை கிடையாது. எங்கடின் பள்ளத்தாக்கில் மலை ரயில் ஓட்டி ஓய்வு பெற்ற ஒருவர், அமெரிக்க உள்நாட்டுப் போரில் குதிரைப்படை அதிகாரி வைத்திருந்தது என்று ஒன்றை வெல்வெட்டில் சுற்றிக் கொண்டுவந்தார். சிவகலா அதைத் திருப்பி, குண்டு இடிக்கும் நெம்புகோலைக் கீழே இழுத்தார். மறைவில் இத்தாலிக்காரர் குத்திய சின்னச் சதுரமும் ஆண்டு எழுத்தும் இருந்தன. "உங்களுக்கு மகள் இருக்கிறாவா?" என்று பிரெஞ்சில் கேட்டார். இருக்கிறாள், நாற்பத்தைந்து வயது என்றார் அவர். "இவருக்கும் அந்த வயதுதான்" என்றார் சிவகலா. கிழவர், கொடுத்த கோப்பியைக் குடிக்காமலே போய்விட்டார். இந்தக் கதைகளையெல்லாம் அவர் வாயாலேயே கேட்கிற நான், அத்தனை வெட்டென்று சொல்லியிருக்க வேண்டுமா என்று கேட்டேன். "நான் சொல்லாட்டி அவர் அதை இன்னொருத்தன்ரை தலையிலை கட்டுவார். ஒருக்கால் பொய் சொன்ன வாய்க்கு இந்த மேசையிலை இடமில்லை" என்றார்.

அப்படிப்பட்டவர் வாழ்க்கையில் ஒரே ஒரு தடவை, ஆராயாமல் நற்சான்று கொடுத்தார். அது தன் கணவருக்கு.

இரவீந்திரன் முப்பது வருடம் பொலிசாஜ் என்னும் மெருகுப் பிரிவில் கடிகாரக் கூடுகளை மினுக்கியவர். முகத்தைப் பார்த்துச் சவரம் செய்யலாம், அப்படி மினுக்குவார். அந்த வேலையை இயந்திரத்துக்குக் கொடுத்துவிட்டு அவரை வீட்டுக்கு அனுப்பிவிட்டார்கள். இரண்டு மாரிகாலமாகச் சமையலறை யன்னலோரம் இருந்து எதிர்வீட்டுக் கூரையில் பனி விழுவதைப் பார்த்துக்கொண்டிருந்தார். சிவகலாவால் அதைத் தாங்க முடியவில்லை. மெசியே ஓபேரிடம் பேசி, துவக்குகள் வைக்கும் மரப்பெட்டிகளைத் திருத்தி உள்ளே வெல்வெட் ஒட்டும் வேலை ஒன்றை அவருக்கு வாங்கினார். முதலாளி இலேசில் சம்மதிக்கவில்லை. பழம்பொருளுக்கு முதல் எதிரி துருக் கறள் அல்ல, மினுக்குகிறவன் என்பது அவர் வேதம். பொலிசாஜ்காரனின் கை சும்மா இராது என்றார். "என்ர மனிசன் சொன்னதை மட்டும்தான் செய்வார்" என்று சிவகலா அடித்துச் சொன்னார். கார்த்திகை முதலாம் திகதி வரச் சொன்னார்கள். இரவீந்திரன் நீல மேலங்கி ஒன்று வாங்கி, இஸ்திரி போட்டு, கதவுக்குப் பின்னால் கொழுவி வைத்தார்.

இதற்கிடையில் சரஸ்வதி பூசை வந்தது. அந்தக் கிழமை முதலாளி தனக்கென்று வாங்கியிருந்த ஒரு ரிவோல்வரைச் சிவகலா படங்களோடு ஒப்பிட்டுப் பார்க்க வீட்டுக்குக் கொண்டுவந்திருந்தார். 1870க்கு முன் செய்தது இந்த நாட்டில் பழம்பொருள். ரொட்டிக்கும் வெங்காயத்துக்கும் நடுவே பையில் போட்டுக் கொண்டுவரலாம். இலக்கம் எல்லாம் ஒத்த, உருளையைச் சுற்றிக் கடற்போர் செதுக்கிய, நல்ல குடும்பத்துத் துவக்கு. பூசையில் தொழில் கருவியை வைத்துக் கும்பிடுவது வழக்கமாயிற்றே. கடலை அவித்துக்கொண்டே சிவகலா குரல் கொடுத்தார்: "இஞ்சருங்கோ, மேசையிலை கிடக்கிறதெல்லாத்தையும் துடைச்சுச் சாமித் தட்டிலை வையுங்கோ."

கற்பூரத் தட்டோடு வந்த சிவகலா அப்படியே நின்றார். பூதக்கண்ணாடி இருந்தது, அளவுகோல் இருந்தது, நடுவில் ரிவோல்வர் கடை யன்னலில் வைத்த புது மணிக்கூடுபோல் பளபளத்தது. பிடியில் சந்தனம், குங்குமம். பித்தளை விசைக் காப்பு குத்துவிளக்காகவே மாறிவிட்டது.

"பாத்தியே கலா?" என்றார் இரவீந்திரன். "பித்தளை எல்லாம் கறுத்துப்போய்க் கிடந்தது. பழப்புளி போட்டுத் தேய்ச்சனான். இரும்பைக் கீழை கொண்டுபோய்ப் பச்சைப் பசை போட்டு ஒரு சுத்துச் சுத்தினன்." தொழிற்சாலையை விட்டு வரும்போது மினுக்கும் கம்பளிச் சில்லையும் பசைத் தகரத்தையும் கொண்டுவந்து கட்டடத்து நிலவறையில் வைத்திருந்தார்.

அந்தக் கறுப்பு, பித்தளைக்கு அந்தக் காலத்தில் பூசிய வெள்ளியின் மிச்சம். அதற்குத்தான் விலை. இலக்கங்கள் தடவினால்தான் தெரிந்தன. உருளையில் கப்பல்களின் பாய்கள் மிஞ்சியிருந்தன, கடல் போய்விட்டது. சும்மா கிடந்த சங்கை ஆண்டி ஊதிக் கெடுத்துவிட்டான். ஊதச் சொன்னது யார் என்பதும் சிவகலாவுக்குத் தெரியும்.

"வடிவா இருக்கே?" என்று மறுபடி கேட்டார் இரவீந்திரன். இரண்டு வருடமாக அந்த முகத்தில் காணாத வெளிச்சம்.

"வடிவாத்தான் இருக்கு" என்றார் சிவகலா. அது பொய்யில்லை. அழுகை வந்தது. கற்பூரப் புகையின்மேல் பழியைப் போட வசதியாக இருந்தது.

மறுநாள் காலை இரவீந்திரன் குளிக்கும்போது சிவகலா நிலவறைக்கு இறங்கிப் போய்த் தகரத்தைத் திறந்தார். பச்சைப் பசையைக் கிள்ளி எடுத்து நகங்களுக்குள் அழுத்தினார். எத்தனையோ கள்ளத் துவக்குகளைப் பிடித்தவர். தேயிலைச் சாயமும் வினாகிரியும் பூசிப் புதுசைப் பழசாக்கியவர்களைப் பிடித்தவர். இப்போது தன் கைகளை விளக்கடியில் பிடித்துப் பார்த்துவிட்டு, போதாது என்று இன்னும் கொஞ்சம் வைத்தார்.

மெசியே ஓபேர் ரிவோல்வரைப் பச்சைத் துணியில் வைத்து வெகுநேரம் பார்த்தார். சத்தம் போடவில்லை. சத்தம் போட்டிருந்தால் நன்றாக இருந்திருக்கும்.

"யார் செய்தது, மதாம்?"

"நான்தான். எங்கள் வீட்டுப் பூசைக்காக."

"நீங்கள் கீறல் பார்த்தவர். மினுக்கியவர் அல்ல." அவர் துவக்கை விளக்கில் சரித்தார். ஒளி ஓரிடத்திலும் தடுக்காமல் வழுக்கி ஓடியது. "இது பல வருடம் பழகிய கை. உங்கள் கணவருக்கு இப்படி வருமா?"

முப்பது வருடம் அந்தக் கையின் பெருமையைக் கேட்டுக்கொண்டு வாழ்ந்தவர் சிவகலா. சம்பளம் கூடிய நாளிலும், வேலை போன நாளிலும், அந்த வீட்டில் யாரும் குறை சொல்லாத ஒன்று அதுதான்.

"அவருக்கு இவ்வளவு வராது" என்றார். "அவர் சுமாரான வேலைக்காரர்."

சொல்லிவிட்டு, கேட்காமலே, இரண்டு கைகளையும் பச்சைத் துணியின்மேல் விரித்து வைத்தார். மெசியே ஓபேர் விளக்கின் கழுத்தை இழுத்து நகம் நகமாகப் பார்த்துக்கொண்டே போனார். பத்து நகங்களுக்குள்ளும் பச்சை. வேலையில் படாத விரலிலும் ஒன்றுபோல் இருந்தது.

"இடது கைச் சுண்டுவிரலில்கூடவா?" என்று கேட்டார், மெதுவாக.

சிவகலா கைகளை எடுக்கவில்லை. அந்தச் சுண்டுவிரலை மட்டும் மெல்ல மடக்கி உள்ளங்கைக்குள் வைத்துக்கொண்டார்.