கடைசிக் கதவுக்கு அவள் சொன்ன விடை

எண்பதுகளின் நடுவில் திண்டிவனத்தில் ஆசிரியர் பயிற்சி படித்தேன். விடுதியில் ஓர் அறைக்கு மூன்று பேர். நான் விழுப்புரத்தை ஒட்டிய கோலியனூரில் மல்லாட்டை, அதாவது வேர்க்கடலை, போடும் குடும்பம். இன்னொருத்தி கோட்டக்குப்பம். மூன்றாமவள் மரக்காணத்துக்குப் பக்கத்துக் குப்பத்தில், கடலுக்குப் போகிறவரின் மகள். எனக்கு அப்போதும் வாய் அடங்காது, இப்போதும் அடங்கவில்லை.

கோட்டக்குப்பத்துக்காரியின் அண்ணன் துபாயிலிருந்து வந்தபோது ஒரு பெட்டி கொண்டுவந்தார். அவருடைய வெள்ளைக்கார மேனேஜர் ஊருக்குப் போகையில் விட்டுப்போனதாம். சென்ட் பாட்டில் இருக்கும் என்று ஆசையாகத் திறந்தால், ஓர் இங்கிலீஷ் புத்தகமும் நெல்லிக்காய் அளவில் இருபது பக்கம் வைத்த பகடையும்தான். நல்ல அண்ணன்! ஆனால் படித்துப் பார்த்ததும் விடமுடியவில்லை. ஒருத்தி கதை சொல்ல வேண்டும், மற்றவர்கள் அந்தக் கதைக்குள் வீரர்களாகப் போக வேண்டும். சண்டை வந்தால் பகடையை உருட்டுவோம். கதவு வந்தால் அதைக் காக்கும் பூதம் புதிர் போடும். விடை சொன்னால்தான் கதவு திறக்கும்.

புத்தகத்திலிருந்த புதிரெல்லாம் உறைபனி, கணப்பு என்று இருந்தன. நாங்கள் எங்கே கண்டோம்? அவற்றைத் தள்ளிவிட்டு ஊரில் போடுகிற விடுகதைகளை வைத்துக்கொண்டோம். கதையில் வீரர்கள் நுழையும் சுரங்கத்தையும் பக்கத்துப் பிரம்மதேசம் கோயிலுக்கு அடியில் தோண்டிவிட்டோம். ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் வார்டன் தூங்கியதும் ஆட்டம் தொடங்கும். கதை சொல்வது எப்போதும் கோட்டக்குப்பத்துக்காரிதான்.

பொங்கலுக்கு ஊருக்குப் போய் வந்ததிலிருந்து மரக்காணத்துக்காரி சரியாகச் சாப்பிடவில்லை. அத்தை மகனுக்கு அவளைக் கொடுப்பதாக அப்பா வாக்குக் கொடுத்துவிட்டாராம். வைகாசியில் கல்யாணம். படிப்பு பாதியில் நின்றுவிடும்.

"அப்பாகிட்ட வேணாம்னு சொல்ல வாய் வரலடி" என்றாள்.

எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. "பேய்கிட்டல்லாம் வாளைத் தூக்கிக்கினு போற, பெத்த அப்பாகிட்ட பேச மாட்டியா?"

அவள் பகடையை இழுத்து முன்னால் வைத்தாள். பிறகு, "ஆட்டத்துல கடைசிக் கதவு தொறந்தா அப்பாகிட்ட போய் சொல்றேன். தொறக்கலன்னா இந்தப் பேச்சை வுட்டுடுங்க" என்று பகடையின் மேல் கை வைத்துச் சத்தியம் செய்தாள். வாழ்க்கையைக் கொண்டுபோய் யாராவது விளையாட்டில் வைப்பார்களா? கோபமாக இருந்தது. ஆனால் அவளை அனுப்ப எனக்கும் வேறு வழி தெரியவில்லை.

அடுத்த ஞாயிறு கடைசிக் கதவுக்கு வந்துசேர்ந்தோம். என் வீரன் அதற்கு முன்பே பாம்புக் குழியில் செத்துப்போயிருந்தான். அவள் மட்டும்தான் பாக்கி. கோட்டக்குப்பத்துக்காரி பூதத்தின் குரலில் கேட்டாள்: "தண்ணியில பொறந்தவன், தண்ணி பட்டா செத்துருவான். யாரு?"

எனக்கு உயிர் வந்தது. உப்பு! சின்னப் பிள்ளைகூடச் சொல்லிவிடும். அதிலும் இவள் பஸ்ஸில் போய்வருவதே உப்பளங்களைப் பார்த்துக்கொண்டுதான். அதற்காகவே கோட்டக்குப்பத்துக்காரி அந்த விடுகதையைத் தேடி எடுத்திருந்தாள்.

மரக்காணத்துக்காரி ஜன்னலைப் பார்த்தாள். பகடையைப் பார்த்தாள். "மீனு" என்றாள்.

கோட்டக்குப்பத்துக்காரியின் முகம் ஒரு கணம் மாறியது. உடனே கையைத் தட்டி, "கரெக்டு! கதவு தொறந்துடுச்சு!" என்றாள்.

என் வாய் சும்மா இருக்குமா? "இன்னாடி கரெக்டு? மீனுக்குத் தண்ணி பட்டா செத்துடுமா?" என்று கத்தினேன். கோட்டக்குப்பத்துக்காரி என் தொடையில் கிள்ளினாள். பாவம் பார்த்துப் பொய் சொல்கிறாள் என்பது அப்போதுதான் எனக்கு உறைத்தது. திரும்பினால் மற்றவள் அழுதுகொண்டிருந்தாள்.

"உப்புன்னு எனக்குத் தெரியாதாடி? தோத்துட்டா போவ வேணாம்னு பார்த்தேன். ஏண்டி தொறந்த?"

கூட வருகிறோம் என்றோம், வேண்டாம் என்றாள். சத்தியம் பண்ணிவிட்டாளே. மறுநாள் காலை மரக்காணம் பஸ்ஸில் ஏற்றிவிட்டோம். "தைரியமா சொல்லுடி" என்றேன். தலையை ஆட்டினாள்.

அவள் திரும்பி வரவில்லை. சில நாள் கழித்து அவளுடைய டிரங்குப் பெட்டியை எடுத்துப்போக அவள் அப்பா வந்தார். அவரை நான் மீசையும் அதட்டலுமாகக் கற்பனை செய்து வைத்திருந்தேன். வந்தவரோ எங்களைப் பார்த்து நிற்கவே கூச்சப்பட்டார். எங்களுக்கென்று கருவாடு கட்டிக்கொண்டு வந்திருந்தார்.

என்னால் அடக்க முடியவில்லை. "அவ உங்ககிட்ட ஒண்ணும் சொல்லலீங்களா?" என்று கேட்டேன்.

"சொல்லிச்சேம்மா. படிப்புல இஷ்டமில்ல, நானே நிறுத்திக்கினு வந்துட்டேன்னு சொல்லிச்சு. இன்னும் ஒரு வருசம்தான பாக்கி, கல்யாணத்தைத் தள்ளிப் போடலாமான்னு நானேதான் கேட்டேன். வேணாம்ப்பா, நீ குடுத்த வாக்கு குடுத்ததாவே இருக்கட்டும்னுடுச்சு."