அந்த ஹெலிகாப்டர் பொய் சொல்லவில்லை

என் கணவரை நான் ஏமாற்றினேன். கணினித் திரையில் பறக்கும் ஒரு ஹெலிகாப்டரை வைத்து ஏமாற்றினேன். சிரிப்பு வருகிறதா? சிரித்துக்கொள்ளுங்கள். முழுவதையும் கேட்ட பிறகும் சிரிப்பு வந்தால் எனக்குச் சொல்லுங்கள்.

என் பெயர் எஸ்தர். தேர்வாய் கண்டிகையில் ரப்பர் பாகங்கள் செய்யும் ஒரு தொழிற்சாலையில் தரப் பரிசோதனை என் வேலை. வளையங்களை ஒவ்வொன்றாக அளவுகோலான இரும்புத் தண்டில் நுழைத்துப் பார்ப்பேன். சரியானது பச்சைப் பெட்டிக்கு, தப்பானது சிவப்புப் பெட்டிக்கு. தெரிந்தே ஒரு தப்பான வளையத்தைப் பச்சைப் பெட்டியில் போட்டவள் இல்லை என்று மார்தட்டிக்கொள்வேன். அப்பேர்ப்பட்ட நியாயஸ்திதான் வீட்டில் இந்த வேலையைச் செய்தேன்!

என் கணவர் ஜெயசீலன், கும்மிடிப்பூண்டியில் ஓர் இரும்பு ஆலையில் கிரேன் ஆபரேட்டர். இருந்தார்... ஆபரேட்டராக இருந்தார். கூரைக்குக் கீழே தண்டவாளத்தில் ஓடும் கிரேன் அது. மேலே கேபினில் உட்கார்ந்து, டன் கணக்கில் கம்பிக் கட்டுகளைத் தூக்கி லாரியில் வைப்பார். லோடு ஆடினால், அது ஆடும் பக்கமே கிரேனை இம்மியளவு நகர்த்தி ஆட்டத்தை அடக்கிவிடுவார். கீழே நின்றவர்கள் அவருடைய வலது கையை நம்பி நின்றார்கள்.

அந்தக் கைக்கு ஒரு பைத்தியமும் உண்டு. வீட்டுக் கணினியில் ஹெலிகாப்டர் ஓட்டுவது. விமானம் அவருக்குப் பிடிக்காது. அது தானாகப் போய்க்கொண்டே இருக்குமாம். ஹெலிகாப்டரை ஒரே இடத்தில் அந்தரத்தில் நிறுத்த வேண்டுமென்றால் கை ஓயாமல் வேலை செய்ய வேண்டும். ஆடும் லோடும் அதுவும் ஒன்றுதான் என்பார். ஜாய்ஸ்டிக்கின் ஸ்பிரிங்கைக் கழற்றிவிட்டு, பிவிசி குழாயைச் செருகி நீளமாக்கி, கால்களுக்கு நடுவே நட்டு வைத்திருந்தார். சமையலறைக்கும் வாசலுக்கும் நடுவில் இருந்தது அவருடைய விமான நிலையம். நான் அதைத் தாண்டித் தாண்டித்தான் தோசை சுட்டேன்.

ஷிப்ட் முடிந்து வரும்போது பைக் சறுக்கியது. வலது முழங்கையில் நரம்பு அறுந்தது. தைத்தார்கள். நரம்பு மெதுவாகத்தான் வளரும், வருடக் கணக்காகலாம், முழுதாகத் திரும்புமா என்று சொல்ல முடியாது என்றார் டாக்டர். விரல்களுக்கு நுணுக்கமான வேலை கொடுத்துக்கொண்டே இருக்கச் சொன்னார். ஆலையில் இரக்கப்பட்டுக் கேட்டில் உட்கார வைத்தார்கள். உள்ளே வரும் லாரிகளின் எண்களை இடது கையால் எழுதினார் என் கணவர்.

அப்போதுதான் புதிய ஹெலிகாப்டர் வேண்டும் என்றார். கணினி விளையாட்டோடு கூடவே வந்தது போதாதாம். அது கட்டிப்போட்ட மாடு மாதிரி நிற்கிறதாம். தனியாக விற்கும் ஹெலிகாப்டர்களில் எது நிஜத்தைப் போல நடந்துகொள்கிறது என்று இரண்டு மாதம் ஆராய்ந்தார். பெண் பார்க்கப் போனபோதுகூட என்னை இவ்வளவு ஆராயவில்லை!

நானும் பக்கத்தில் உட்கார்ந்து வீடியோக்களைப் பார்த்தேன். ஒன்று அவ்வளவு அழகு. இருக்கையின் தையல்கூடத் தெரிந்தது. இதுதான் என்றேன். அவர் தலையாட்டினார்.

"படத்தப் பாக்காத எஸ்தரு. ஓட்றவன் கையப் பாரு. கை சும்மா கீதுன்னா அந்த ஹெலிகாப்டரு பொய்யி."

பார்த்தேன். ஓட்டியவனின் கை சும்மாதான் இருந்தது.

இன்னும் சில அடையாளங்கள் சொன்னார். இடது கையால் பிடிக்கும் நெம்புகோலைத் தூக்கினால் மூக்கு ஒரு பக்கம் திரும்ப வேண்டும், திரும்பாவிட்டால் பொய். செங்குத்தாக வேகமாக இறக்கினால், தான் கிளப்பிய காற்றிலேயே சிக்கித் தொப்பென்று விழ வேண்டும்; விழாவிட்டால் பொய். தரைக்குப் பக்கத்தில் வந்தால் மெத்தையில் மிதப்பது போல இலேசாக வேண்டும். கடைசியில் பார்க்கச் சுமாரான, இரண்டே இருக்கை கொண்ட ஒரு சின்ன ஹெலிகாப்டரைத் தேர்ந்தெடுத்தார். எங்கோ ஒரு தேசத்தில் ஒரே ஒரு மனிதர் உட்கார்ந்து செய்ததாம். கையை எடுத்தால் மூன்று விநாடியில் கவிழும். அதுதான் அவருக்கு வேண்டியிருந்தது! என் போனஸில் வாங்கிக் கொடுத்தேன்.

அதன் அமைப்புகளில் 'உதவி' என்று ஒரு பக்கம் இருந்தது. ஒரு பட்டையை நகர்த்தினால், கற்றுக்குட்டிகளுக்காகக் கணினியே ஆட்டத்தைக் கொஞ்சம் பிடித்துக்கொள்ளும். முதல் நாளே என் கண் முன்னால் அதைப் பூஜ்யத்தில் வைத்தார்.

"இந்தப் பக்கத்த மட்டும் தொடவே கூடாது. தொட்டா நம்ம கை எப்டி கீதுன்னு நமக்கே தெரியாமப் பூடும்."

நான் தொட்டேன்.

ஏன் தொட்டேன்? அதற்கு முந்தைய இரண்டு மாதங்களை நீங்கள் பார்க்கவில்லை. தினமும் விழுந்தார். எழும்பியவுடன் கவிழ்ந்தது, பக்கவாட்டில் இழுத்துக்கொண்டு போய் மோதியது... கை நடுங்கும், திரை சிவக்கும், மறுபடி முதலிலிருந்து. ஒருநாள் குழாயை விட்டுவிட்டுத் தன் வலது கையையே இடது கையால் அடித்தார். அதைப் பார்த்துக்கொண்டு நான் எப்படிச் சும்மா இருப்பேன்? இல்லை, இல்லை... சும்மா இருந்திருக்கத்தான் வேண்டும். அது அவருடைய கை.

எனக்கு மதிய ஷிப்ட் வந்த வாரம். காலை பத்து மணி, அவர் கேட்டில் இருந்தார். கணினியைத் திறந்து அந்தப் பட்டையைக் கொஞ்சம் தள்ளினேன். ஒரே நாளில் நிறையத் தள்ளினால் கண்டுபிடித்துவிடுவார் என்று எனக்குத் தெரியும். அளவுகோல் சிறிது சிறிதாகத் தேய்ந்தால் யாருக்கும் தெரியாது. தப்பான வளையமும் நுழையும், பரிசோதிப்பவள் சந்தோஷமாகப் பச்சைப் பெட்டியில் போடுவாள். என் தொழிலே எனக்குக் கற்றுக்கொடுத்த திருட்டு இது. வாரம் ஒருமுறை தள்ளினேன்.

நின்றது! ஹெலிகாப்டர் அந்தரத்தில் நின்றது. மூன்று விநாடி, பத்து விநாடி, ஒரு நிமிடம்... அவர் முகத்தை நீங்கள் பார்த்திருக்க வேண்டும். அன்று இரண்டு தட்டு சோறு கேட்டு வாங்கிச் சாப்பிட்டார். விபத்துக்குப் பிறகு முதல் முறையாகக் குளிக்கும்போது பாடினார். ஆண்டவரே, அந்தப் பாட்டுக்காக உமக்கு நன்றி என்று அடுப்படியில் நின்று அழுதேன். பொய்யாகச் சம்பாதித்த பாட்டுக்கு ஆண்டவரிடம் நன்றி!

அதோடு நின்றேனா? எங்கள் சபையில் ஞாயிறு ஆராதனையின்போது, நன்மை பெற்றவர்கள் எழுந்து நின்று சாட்சி சொல்வது வழக்கம். என் கணவரின் கை திரும்பிவிட்டது, தேவனுக்கு ஸ்தோத்திரம் என்று எழுந்து நின்று சொன்னேன். என் வாயை யார் பிடித்து இழுத்தார்கள்? ஒருவரும் இல்லை. அவர் சந்தோஷம் என் தலைக்கு ஏறியிருந்தது. சபையே கைதட்டியது. என் கணவர் தலைகுனிந்து தன் கையைப் பார்த்துக்கொண்டிருந்தார். மறுநாளே ஆலையில், மறுபடி கிரேன் ஏறுவதற்குத் தேர்வு வைக்கச் சொல்லி எழுதிக் கொடுத்துவிட்டார்.

சொல்லியிருக்கலாம்... தேர்வுக்கு ஒன்பது நாள் இருந்தது. ஒன்பது நாளும் வேலைக்குப் போனேன், வந்தேன், சமைத்தேன். சொல்லவில்லை. மேலே இரும்பு தொங்கும், கீழே ஆள் நிற்பான் என்று எனக்குத் தெரியாதா? தெரியும். இதுதான் என் குற்றம். பட்டையைத் தள்ளியதை வேண்டுமானால் அன்பு என்று பெயர் வைத்து மழுப்பலாம். இந்த ஒன்பது நாளுக்கு என்ன பெயர் வைப்பீர்கள்?

தேர்வு நாளன்று என்னைக் காப்பாற்றியவர் ஏழுமலை அண்ணன். ஆலையில் கீழே நின்று கிரேனுக்குக் கைச்சாடை காட்டுபவர். தேர்வுக்குக் கம்பிக் கட்டைத்தான் தூக்க வேண்டும். கட்டு தயாராகவில்லை என்று ஏதோ சாக்குச் சொல்லி, தண்ணீர் நிரப்பிய பேரலைத் தொங்கவிட்டார். ஆட்கள் எல்லோரையும் மஞ்சள் கோட்டுக்குப் பின்னால் தள்ளி நிறுத்தினார். என் கணவர் தூக்கினார். பேரல் ஆடியது. அடக்கப் பார்த்தார், கை ஒரு கணம் பிந்தியது, ஆட்டம் பெரிதானது. பேரல் தூணில் மோதிப் பிளந்து தண்ணீர் கொட்டியது. ஒருவர் மேலும் ஒரு கீறல் இல்லை.

இரண்டு நாள் கழித்து பேருந்து நிறுத்தத்தில் என்னைப் பார்த்தார் அண்ணன். குரலைத் தாழ்த்திப் பேசினார்.

"கேட்டாண்ட டீ குடிக்கும்போதே பாத்துக்கினு இருந்தேன்மா. கிளாஸு ஆடிச்சு. வேணாம்னு சொன்னா மனசு ஒடஞ்சிப் பூடுவான். அதான் இரும்பு வேணாம், தண்ணி போதும்னு உட்டேன்."

அந்த மனிதரின் காலில் விழ வேண்டும் போலிருந்தது. ஒரு டீ கிளாஸைப் பார்த்து அவர் தெரிந்துகொண்டதை, பக்கத்தில் படுத்த நான் தெரிந்தும் மறைத்தேன். கிரேனுக்குக் கீழே நிற்கும் அந்த அண்ணன் உயிரோடு நடமாடும் ஒவ்வொரு நாளும் எனக்குக் கிடைத்த இனாம். இன்றுவரை காலையில் கண் விழித்ததும் முதல் நன்றி அவருக்குத்தான் சொல்கிறேன்.

தேர்வு முடிந்து வந்த மாலை, என் கணவர் கத்தவில்லை. நாற்காலியில் உட்கார்ந்து அணைந்திருந்த திரையையே பார்த்தார்.

"ஊட்ல நிக்குது. அங்க நிக்கல. அப்போ எது பொய்யி, சொல்லு?"

என்னைத்தான் கேட்டார் என்று நினைத்தேன். ஆனால் அவரே பதிலும் வைத்திருந்தார். இரண்டு மாதம் ஆராய்ந்தும் ஏமாந்துவிட்டேன், இந்த ஹெலிகாப்டரே போலி என்றார். அவரைப் போன்ற ஹெலிகாப்டர் பைத்தியங்களின் வாட்ஸ்அப் குழு ஒன்று உண்டு. எதை வாங்கலாம் என்று எல்லோரும் இவரைத்தான் கேட்பார்கள். இதை வாங்காதீர்கள், கை செய்யாததையும் செய்ததாகக் காட்டுகிறது என்று அதில் எழுதிவிட்டார். உதவிப் பக்கத்தைத் திறந்து பார்க்க அவருக்குத் தோன்றவே இல்லை. தன் கையால் பூஜ்யத்தில் வைத்தது அல்லவா! எங்கோ இருக்கும் அந்த நேர்மையான மனிதரின் பிழைப்பிலும் நான் மண்ணைப் போட்டேன்.

சில வாரம் அவர் அதைத் தொடவில்லை. பிறகு, பொழுது போகட்டும் என்று மறுபடி உட்கார்ந்தார். அன்றிலிருந்து நான் பட்டையைக் குறைக்க ஆரம்பித்தேன். ஏற்றியது போலவே, சிறிது சிறிதாக. குறைத்த மறுநாள் கொஞ்சம் தடுமாறுவார். வாரக் கடைசிக்குள் பிடித்துவிடுவார். மறுபடி குறைப்பேன். மறுபடி பிடிப்பார். ஜெயிக்க வேண்டும் என்ற ஆத்திரம் இல்லாததால் கை இலேசாக இருந்ததோ, நரம்புதான் வளர்ந்துவிட்டதோ... எட்டு மாதம் போனது.

போன மாதம் பூஜ்யத்துக்கு வந்தேன்.

நிற்கிறது! கேளுங்கள், உண்மையாகவே நிற்கிறது! ஓர் ஆஸ்பத்திரியின் மொட்டை மாடிக்கு மேலே, ஆணி அடித்தது போல நிறுத்தி, பூப்போல இறக்குகிறார். நம்பாமல் அவர் இல்லாத நேரத்தில் நானே உட்கார்ந்து பார்த்தேன். மூன்றே விநாடியில் கவிழ்ந்தேன். தரையில் மண்டியிட்டு அழுதேன். கை திரும்பிவிட்டது! ஆனால் இந்த நன்றியை எங்கே போய்ச் சொல்வேன்? சாட்சியைத்தான் பொய்யாக முன்பே சொல்லித் தீர்த்துவிட்டேனே.

இப்போது என் நிலைமை புரிகிறதா? கிரேன் ஓட்டும் அளவுக்குக் கை குணமானது அவருக்கே தெரியாது. இது போலி ஹெலிகாப்டர், இதில் நிறுத்துவது ஒரு திறமையே இல்லை என்று நினைத்துக்கொண்டிருக்கிறார். இப்போது நிற்பது உண்மை என்று நான் சொல்ல வேண்டுமானால், அப்போது நின்றது பொய் என்றும் சொல்ல வேண்டும்.

போன வாரம் ஏழுமலை அண்ணன் வீட்டுக்கு வந்தார். கிரேன் ஆபரேட்டர் ஒருவர் ஓய்வு பெறுகிறார், சனிக்கிழமை ஐந்து மணிக்குள் எழுதிக் கொடுத்தால் மறுபடி தேர்வு வைப்பார்கள், இனி எப்போது இடம் காலியாகும் என்று சொல்ல முடியாது என்றார். இவர் கையில் இருந்த டீ கிளாஸைப் பார்த்துவிட்டு என்னையும் ஒருமுறை பார்த்தார். கிளாஸ் ஆடவில்லை. என் கணவர் சிரித்தார்.

"ஒரு தபா பொய்ய நம்பிப் போயி பேஜாரானது போதும்ணே."

சனிக்கிழமை இரண்டரைக்கே வீட்டுக்கு வந்து ஹெலிகாப்டரில் உட்கார்ந்தார். ஆலை அலுவலகம் பைக்கில் இருபது நிமிடம். நான் டீ போட்டு எடுத்துக்கொண்டு போய்ப் பின்னால் நின்றேன். மூன்றரை... நான்கு... டீ ஆறியது, மறுபடி சுடவைத்துக் கொண்டுவந்தேன். அவருடைய வலது கை குழாயின் மேல் ஓயாமல் அசைந்துகொண்டே இருந்தது. திரையில் ஹெலிகாப்டர் அசையாமல் நின்றது. கையைப் பாரு என்று அவர் எனக்குச் சொல்லிக்கொடுத்ததை, உங்கள் கையைப் பாருங்கள் என்று திருப்பிச் சொன்னால் போதும். மிச்சத்தை அவரே கண்டுபிடித்துவிடுவார்.

நான்கரைக்கு இறக்கிவிட்டுத் திரும்பினார்.

"பொய்யோ நெசமோ, இத வாங்கிக் குடுத்தியே எஸ்தரு. இது இல்லன்னா நான் பைத்தியமாயிருப்பேன். தேங்க்ஸ்."

அதைச் சொன்னபோது அவர் கண் கலங்கியிருந்தது. எனக்கு நன்றி! எதற்காக நான் வாயை மூடியிருக்கிறேன் என்று அப்போதுதான் எனக்கே விளங்கியது. பயம் கொஞ்சம்தான். இந்த முகம் என்னை இப்படிப் பார்ப்பதை இழக்க எனக்கு மனமில்லை.

சுவர்க் கடிகாரத்தைப் பார்த்தேன். இன்னும் நேரம் இருந்தது. ஏங்க என்றேன். அவர் நிமிர்ந்து பார்த்தார்.

"டீ ஆறுது, குடிங்க" என்றேன்.